கை நுழையும் அளவு

பிப்ரவரி 6

அக்கா,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் உன்னோடு இருப்பவர்களுக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. கிழித்த துண்டுகளை ஒரே குப்பைத் தொட்டியில் போடாதே. சிரிக்கிறாய், தெரியும். அப்பாவின் கையில் இது கிடைத்தால் நீ சிரிக்க மாட்டாய்.

எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும் அல்லவா, எழுதிவிட்டேன்.

உன் முகவரியைத் தையல் டீச்சர் கொடுத்தார்கள். நீ அவர்களுக்கு அனுப்பிய வாழ்த்து அட்டையின் பின்பக்கம் இருந்ததாம். பதிலை டீச்சர் பெயருக்கு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. உள்ளே 'சில்வண்டு' என்று மட்டும் எழுது. வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவின் சட்டைப் பையைவிட்டு வெளியே வராது. நீ போன நாளிலிருந்து உன் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது. பொடிசு ஒருநாள் மறந்துபோய் "பெரியக்கா சீப்பு எங்க?" என்று கேட்டுவிட்டாள். அப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். ஏழு வயதுக் குழந்தை, அன்றிலிருந்து அதை 'அந்தச் சீப்பு' என்கிறாள்.

நம் அறையில் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பொடிசு பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

அக்கா, நம் பசுமைக்குடிலுக்குள் வெள்ளை ஈ வந்துவிட்டது. வெள்ளரிச் செடியைத் தொட்டால் சாம்பலை ஊதிவிட்ட மாதிரி எழுகிறது. இலையெல்லாம் பிசுபிசுப்பு, அதன்மேல் கறுப்பாகப் பூஞ்சை. போன வாரம் லாரிக்காரர் ஒரு காயைத் தடவிப் பார்த்து, கறுத்த விரலை அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். "அண்ணே, இது வெள்ளரிக்காயா, அடுப்புக்கரியா?" பாதி லோடை இறக்கிப் போட்டுவிட்டுப் போனார். அப்பா அன்று பூராவும் இரண்டாவது குடில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த நடவும் இப்படிப் போனால் குடில்களை உரிமையாளரிடமே ஒப்படைத்துவிட வேண்டியதுதான் என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நீ பெரிய நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கிறாய். அங்கே இது வந்தால் என்ன செய்வீர்கள்? அப்புறம், எங்களிடம் சொல்லாமல் ஏன் போனாய்? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல இஷ்டம் இல்லையென்றால் வெள்ளை ஈக்காவது சொல்.

உன்,
சில்வண்டு


பிப்ரவரி 19

அன்புச் சில்வண்டுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. தலையணை உறைக்குள் இருக்கிறது, யாரும் பார்க்க மாட்டார்கள். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் பொடிசும் அம்மாவும் நலம்தானே? அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது?

எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. பஸ்ஸில் எழுதுகிறேன்.

முதலில் குடிலுக்கு உள்ளே பார்க்காதே, வெளியே பார். வாய்க்கால் ஓரத்தில் சின்ன மஞ்சள் பூவோடு ஒரு களை மண்டிக் கிடக்குமே, அதுதான் வெள்ளை ஈயின் வீடு. உள்ளே மருந்து அடித்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். மருந்தின் வீரியம் போனதும் திரும்பி வரும். அந்தக் களையை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குடிலுக்குத் தூரமாகப் போடு. வெள்ளரியின் அடி இலைகளைக் கிள்ளிவிடு, குஞ்சுகள் அங்கேதான் ஒட்டிக் கிடக்கும். மஞ்சள் அட்டையில் எண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிடு, பறப்பது வந்து ஒட்டும். வெயில் தாழ்ந்ததும் சோப்புத் தண்ணீரை இலைக்கு அடிப்பக்கமாகத் தெளி. இங்கே நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். ஒரே நாளில் போகாது, குறையும்.

ஒன்று கேட்க வேண்டும். மருந்து டிரம்முக்குள் இப்போது யார் கை விடுகிறார்கள்?

அன்புடன்,
அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

நலம்தானே? நாங்கள் நலம். அப்பாவின் இருமல் அப்படியேதான். கேட்டால், "அது இருமல் இல்ல, எனக்கு அலாரம்" என்கிறார்.

நீ சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறேன். வாய்க்கால் ஓரக் களையைப் பிடுங்கப் பொடிசையும் கூட்டிப்போனேன். முயலுக்குத் தீனி சேர்க்கிறோம் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். நம்மிடம் முயலே இல்லை என்று பாதி வேலை ஆனபிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

மஞ்சள் அட்டைதான் பெரிய வம்பாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மிச்சமான அட்டைகளை வாங்கி வந்து, எண்ணெய் தடவி, கடைசிக் குடிலில் வரிசையாகக் கட்டினேன். மறுநாள் அப்பா உள்ளே நுழைந்ததும் அவர் தலைமுடியிலேயே ஒன்று ஒட்டிக்கொண்டது. "என்னடி இது, வெள்ளை ஈக்குப் பிறந்தநாளா? தோரணம் கட்டி வெச்சிருக்கே" என்று சிரித்தார். அட்டையைப் பிய்த்துப் பார்த்தார். அட்டை தெரியாத அளவுக்கு ஈ ஒட்டியிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"யார் சொல்லிக்கொடுத்தா?"

"பள்ளிக்கூடத்துல, அப்பா."

"எந்த டீச்சர்?"

"அறிவியல் டீச்சர்."

"பெரியவ இருந்தா இந்நேரம்..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் வெளியே போய்விட்டார். அவர் போட்ட விதியை அவரே மீறிவிட்டார், அக்கா. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அட்டைகளை அவர் அவிழ்க்கவில்லை. ஆனால் அன்று மாலையே கொட்டாவி அண்ணனின் பூச்சிமருந்துக் கடைக்குப் போய் ஒரு கேன் வாங்கி வந்தார். கேனில் பெயர் இல்லை, படம் இல்லை, ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்த தடம் மட்டும் இருக்கிறது. "இதை அடிச்சா ஈ இல்ல, ஈயோட பேரன் பேத்திகூட மிச்சம் இருக்காது" என்று கொட்டாவி அண்ணன் கொட்டாவி விட்டபடியே சொன்னாராம். வீட்டுக்கு என்று பின்னால் இருக்கிற பாத்திக்கு மட்டும் எப்போதும்போல மருந்து கிடையாது. அங்கே வெள்ளை ஈ இருக்கிறது, ஆனால் பொறிவண்டும் நிறைய இருக்கிறது. காய் கறுக்கவில்லை. அப்பாவிடம் காட்டினேன். "ரெண்டு செடிக்குச் சரி" என்றார்.

உன் எழுத்து பஸ்ஸில் எழுதியது மாதிரி இல்லை, பஸ் அதன்மேல் ஏறிப்போன மாதிரி இருக்கிறது. டார்ச் மங்குகிறது. எழுத்து எனக்கே இரண்டு இரண்டாகத் தெரிகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

சில்வண்டு


மார்ச் 14

அன்புச் சில்வண்டுக்கு,

நலம், நலமே எழுதுக. எழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. கையில் நாற்றுத்தட்டு விழுந்து சின்னக் கட்டு போட்டிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல என் அறைத்தோழி எழுதுகிறாள். வாய் திறக்க மாட்டாள், நல்லவள்.

அட்டையில் அவ்வளவு ஒட்டியது நல்ல செய்தி. பொறிவண்டு இருக்கும் பாத்தியைத் தொடவிடாதே. மருந்து அடித்தால் முதலில் சாவது பொறிவண்டுதான். வெள்ளை ஈ மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அதைத் தின்கிற பூச்சி பழகுவதற்குள் செத்துப்போகும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் முன்பைவிட அதிகமாக வருகிறது.

பெயர் இல்லாத கேனைத் தொடாதே. திறந்து முகராதே. அது இருக்கும் இடத்துக்குப் பொடிசை விடாதே.

நான் கேட்டவற்றில் ஒன்றுக்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. மறந்திருக்க மாட்டாய், எனக்கு உன்னைத் தெரியும். டிரம்முக்குள் யார் கை விடுகிறார்கள்?

அக்கா


மார்ச் 29

அக்கா,

யாருக்கும் காட்டாதே என்று கெஞ்சினேன். நீ என்னடாவென்றால் எழுதுவதற்கே ஆள் வைத்திருக்கிறாய்! உன் அறைத்தோழிக்கு என் வணக்கம். அவர் கையெழுத்து அழகாக இருக்கிறது, அதனால் மன்னித்துவிட்டேன். உன் கை ஆறிவிட்டதா?

நான்தான்.

வேறு யார் இருக்கிறார்கள்? நீ போன மறு வாரமே அப்பா கூப்பிட்டார். அந்த டிரம்மின் வாய்க்குள் பெரியவர்கள் கை போகாது, உன்னுடையது மாதிரி ஒல்லிக் கைதான் போகும் என்று உனக்கே தெரியும். அடியில் இருக்கிற பித்தளைச் சல்லடையில் மருந்துத் தூள் அடைத்துக்கொள்கிறது. மறை கழற்றி எடுத்துத் தேய்த்துக் கழுவி, திரும்பக் கைவிட்டு மாட்ட வேண்டும். அக்குள் வரைக்கும் உள்ளே போகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் செய்கிறேன், நீ செய்த மாதிரி. டிரம் வாயை அறுத்துப் பெரிதாக்கலாமே என்று கேட்டேன். "அறுத்தா மூடி நிக்காது, வண்டி குலுங்குறப்ப எல்லாம் தளும்பிடும். அதான் கை இருக்கே" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை, அக்கா. வேலை முடிந்ததும் அவரே தண்ணீர் ஊற்றி என் கையைக் கழுவிவிடுகிறார். எனக்கு ஒரு பேனாவும் வாங்கித் தந்தார். இந்தக் கடிதம் அதில்தான் எழுதுகிறேன்.

நீ பயப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை. பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. மருந்து அடித்த அன்று தலை வலிக்கும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், தூங்கினால் சரியாகிவிடும். கரும்பலகை கொஞ்சம் கலங்கலாகத் தெரிகிறது, கண்ணாடி போட வேண்டும் போல.

நாளையோடு பள்ளிக்கூடம் மூடுகிறார்கள், ஜூன் மாதம்தான் திறப்பார்கள். டீச்சர் ஊருக்குப் போகிறார்கள். அதுவரை எழுதாதே, எழுதினாலும் கிடைக்காது.

சில்வண்டு


ஏப்ரல் 8

சில்வண்டு,

கிடைக்காது என்று தெரிந்தும் எழுதுகிறேன். டீச்சர் முன்னாலேயே திரும்பி வந்துவிட்டால்?

எச்சில் ஊறுவது, கண் கலங்குவது, தலைவலி, மூன்றும் தூங்கினால் சரியாகிற விஷயம் இல்லை. கை விடாதே. வயிறு வலிக்கிறது என்று பொய் சொல். கையில் அடிபட்டது என்று பொய் சொல், துணியைச் சுற்றிக்கொள். நானும் சொல்லியிருக்கிறேன், பொய் சொல். மருந்து பட்ட உடையோடு படுக்காதே. நிறைய சோப்புப் போட்டுக் குளி. சுகாதார நிலையத்து நர்ஸிடம் போய் என்ன வேலை செய்கிறாய் என்று உள்ளபடி சொல். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ.

எந்த வழியிலாவது பதில் போடு.

அக்கா


மே 3

சில்வண்டு

கட்டு இல்லை. நானே எழுதுகிறேன். இவ்வளவுதான் முடிகிறது.

நலமா

அக்கா


ஜூன் 5

அக்காவுக்கு,

நலம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நீயாவது நலமாக இரு.

உன் இரண்டு கடிதங்களும் இன்றுதான் கிடைத்தன. டீச்சர் அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மே மாதக் கடிதத்தைப் பார்த்து டீச்சர், "உங்க அக்கா சின்னப் பிள்ளைய எழுதச் சொன்னாளா?" என்று கேட்டார்கள். அந்த ஏழெட்டு வார்த்தையை வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'நலமா' என்பதில் கால் வாங்கும் இடத்தில் பேனா மூன்று முறை சறுக்கியிருக்கிறது. உன் கைக்கு என்ன ஆயிற்று? உண்மையைச் சொல். நான் சொன்னேன் அல்லவா, இப்போது உன் முறை.

விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து மூச்சு முட்டுகிறது.

பெயர் இல்லாத கேனை அடிக்க ஆரம்பித்தோம். ஈ விழுந்தது. பொறிவண்டும் விழுந்தது. கொஞ்ச நாளில் ஈ மட்டும் திரும்பி வந்தது. அப்பா அளவைக் கூட்டினார். தினமும் சல்லடை அடைத்தது, தினமும் கை விட்டேன். மே மாதக் கடைசியில் ஒருநாள் சல்லடையைக் கழற்றிப் பிடித்தபடி கையை வெளியே இழுத்தேன், வரவில்லை. விரல் மூட்டு வீங்கியிருந்தது, டிரம் வாய் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டது. சல்லடையை விட்டுவிட்டு இழுத்தேன். அப்போதும் வரவில்லை. முகம் டிரம் வாய்க்கு மேலேயே இருக்கிறது, அக்கா. மூச்சு இழுத்தால் மருந்து நெடி, இழுக்காவிட்டால் மயக்கம். அப்பா முதலில் சிரித்தார், "அவசரப்படாதே, அவசரப்படாதே" என்றார். அப்புறம் சிரிக்கவில்லை. சோப்பைக் கரைத்து ஊற்றி, இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து இழுத்தார். வந்தபோது தோலோடு வந்தது. அன்று இரவு வாந்தி எடுத்தேன். அம்மா விளக்கைப் போடாமல் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சாப்பிடும்போது அப்பா என் கையைத் தூக்கித் தன் கைமேல் வைத்துப் பார்த்தார். "பெரிய மனுஷி ஆயிட்டா. இனி இந்தக் கை ஆகாது" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரு வாய் சோறுகூட விழுங்கியிருக்க மாட்டேன், அவர் பொடிசு பக்கம் திரும்பினார்.

"என்னடா, அப்பாவுக்கு உதவி பண்ணுவியா?"

பொடிசு குதித்தாள். இத்தனை நாளும் எல்லோரும் "நீ சின்னவ, தள்ளிப் போ" என்றே விரட்டிக்கொண்டிருந்தோம். இப்போது தெருவில் போகிற நாயிடம்கூடச் சொல்கிறாள், "எனக்கு வேலை கிடைச்சிருக்கு!"

அவள் கை டிரம் அடி வரைக்கும் எட்டாது, அக்கா. நிற்க ஒரு பலகை செய்து வைத்திருக்கிறார் அப்பா. பலகைமேல் ஏறி அவள் கை விட்டால் முகம் முழுக்க டிரம் வாய்க்குள் போய்விடும். நான் அளந்து பார்த்தேன்.

பழைய செடிகளைப் பிடுங்கியாகிவிட்டது. புது விதை போட்டிருக்கிறோம், முளை மண்ணை நெட்டித் தள்ளிக்கொண்டு வருகிறது. முளையிலைக்குப் பிறகு நிஜ இலை இரண்டு விட்டதும் முதல் மருந்து அடிப்பது அப்பாவின் வழக்கம். அதுவரைக்கும்தான் நேரம் இருக்கிறது. தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் போய்ப் பார்க்கிறேன். செடி வளரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற விவசாயி மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என்ன செய்ய?

சில்வண்டு


ஜூன் 14

என் சில்வண்டுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, தெரிந்துவிட்டது. என் தோழி எழுதுகிறாள், நடுநடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

நாற்றுத்தட்டு எதுவும் என் கைமேல் விழவில்லை. கட்டும் போடவில்லை. என் கை நடுங்குகிறது. முதலில் மருந்து அடித்த நாட்களில் மட்டும் நடுங்கியது, பிறகு எல்லா நாளும். வீட்டில் ஒருமுறை அப்பாவிடம் டம்ளரை நீட்டினேன், தட்டோடு சேர்ந்து கிலுகிலுவென்று ஆடியது. "குளிரா?" என்று கேட்டார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். புரிந்தால் தாங்கமாட்டார் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டு போன மகள் என்று அவர் நினைக்கட்டும், அது இதைவிடச் சுலபம் என்று பஸ் ஏறிவிட்டேன். அவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று செய்தேன், உனக்கும் தெரியாமல் போய்விட்டது.

இங்கே முதலில் விதை போடும் வேலை கொடுத்தார்கள். ஒரு குழிக்கு ஒரு விதை. என் கையிலிருந்து ஒரே குழியில் நான்கு விழும், அடுத்த குழி காலியாக இருக்கும். அப்புறம் ஒட்டுக்கட்டும் பிரிவு. அங்கே பிளேடு பிடிக்க வேண்டும். மேற்பார்வையாளர் என் கையைப் பார்த்துவிட்டுப் பிளேடை மெதுவாக வாங்கிக்கொண்டார். இப்போது குழாய் பிடித்துத் தண்ணீர் ஊற்றுகிறேன். அதற்கு என் கை ரொம்பப் பொருத்தம், தண்ணீர் தூறல் மாதிரி விழுகிறது என்று எல்லோரும் கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன். மருத்துவர் கேட்டார், எந்த வயதிலிருந்து மருந்தில் கை வைக்கிறாய் என்று. முன்பல் விழுந்த வயதிலிருந்து என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். மருந்தைத் தொடாமல் இருந்தால் மேலும் மோசமாகாது, ஆனால் முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார்.

உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பொடிசுக்கு நிறைய நேரம் இருக்கிறது.

இப்போது கேள். நாற்றுகளை மெல்லிய வலையால் மூடச் சொல், ஓரத்தை மண் போட்டு அணை. ஈ உள்ளே போகாவிட்டால் அப்பா மருந்தைத் தள்ளிப்போடலாம். கேனை எங்கேயும் கொட்டாதே, வாய்க்காலில் போனால் வேறு யார் வீட்டுக் குழந்தையோ குடிக்கும். அப்பாவோடு சண்டை போடாதே.

நான் வருகிறேன். விடுப்புக் கேட்டிருக்கிறேன், கிடைத்த அன்றே கிளம்புவேன். அங்கே வருவதற்குக் கடைசி பஸ்தான் தோதுப்படும். முன்வாசலுக்கு வராமல் நம் அறையின் தோட்டத்துக் கதவுக்கு வருகிறேன், முதலில் உங்கள் இருவரையும் பார்க்க வேண்டும். அப்புறம் அப்பா. அவரிடம் என்ன பேசுவது என்று யோசித்து யோசித்து விட்டுவிட்டேன். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டுவேன், அவ்வளவுதான்.

இருட்டில் யார் என்று பயப்படாதே. நான் கதவைத் தட்டினால் மரங்கொத்தி வந்த மாதிரி இருக்கும் என்பாள் என் தோழி. ஒரு தட்டுத்தான் தட்டப் போவேன், கை தானாக நாலைந்து தட்டிவிடும்.

வருகிறேன்.

அக்கா


ஜூன் 27

அக்கா,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நீ வந்தால் உன் கையில் தருவேன். வரும் வழியில் இருக்கிறாயா, இன்னும் கிளம்பவே இல்லையா, எனக்குத் தெரியாது. எழுதாமல் இருட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

நீ நலமாக வந்து சேர வேண்டும். நாங்கள் இன்று இரவு வரைக்கும் நலம்.

வலை போட அப்பா ஒத்துக்கொண்டார். பழைய வலைதான், கிழிசலைத் தையல் டீச்சரிடம் கேட்டு நானே தைத்தேன். ஒரு வாரத்துக்கு மேல் ஒரு ஈகூட இல்லை. அப்பா தினமும் குனிந்து பார்த்தார். "பரவாயில்லையே" என்று ஒருமுறை சொன்னார். நேற்றுக் காற்றில் ஓரம் தூக்கிக்கொண்டது. இன்று காலை நிஜ இலை இரண்டும் விரிந்திருந்தன, இரண்டாவது இலைக்கு அடியில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அதை நான் விரலால் நசுக்குவதற்குள் அப்பா பார்த்துவிட்டார். லாரிக்காரர் பாதி லோடை இறக்கிப் போட்டுப் போனதிலிருந்து அவர் கண்ணுக்கு வேறெதுவும் தெரிவதில்லை.

"வந்திருச்சு. டிரம்ம எடு."

பொடிசு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பலகைமேல் ஏறி நின்றாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்க மேடை ஏறுகிற மாதிரி. அப்பா மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே சல்லடை இல்லை.

நான் எடுத்துவிட்டேன், அக்கா. உன் கடிதம் வந்த அன்றே. கையில் உறை மாதிரி இரண்டு பை மாட்டிக்கொண்டு, விரல் மூட்டுகளை உள்ளே மடக்கி, கடைசி முறையாகக் கை விட்டேன். வெளியே எடுக்கும்போது மறுபடி தோல் போனது. பரவாயில்லை. சல்லடை இல்லாமல் அடித்தால் குழாய் முனையெல்லாம் அடைத்துக்கொள்ளும். கடையிலும் கிடைக்காது, பட்டறைக்காரர் அந்த டிரம்முக்கென்று கையால் செய்து கொடுத்தது.

"சல்லடை எங்கடி?"

"தெரியாதுப்பா."

"தெரியாதா? அதுக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா?"

அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குடில் குடிலாகத் தேடினார். தரம் பிரிக்கிற அறையில் கூடைகளைக் கவிழ்த்தார். பொடிசு அவர் பின்னாலேயே ஓடி, "நான் கண்டுபிடிச்சுத் தரேன்ப்பா, நான் கண்டுபிடிச்சுத் தரேன்" என்று கட்டிலுக்கு அடியிலெல்லாம் நுழைந்து பார்த்தாள். வேலை போய்விடும் என்று அவளுக்கு அழுகை.

அப்பா நம் அறை வாசலுக்கு வந்தபோது அம்மா உள்ளே தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். என் தலையணையைத் தூக்கினாள். அடியில் துணி சுற்றி இருந்தது. ஒரு முனையில் பித்தளை தெரிந்தது. அம்மா அதைப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள், மணிக்கட்டில் தோல் போன இடத்தை. தலையணையை அப்படியே திரும்ப வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இங்க இல்ல. நான் பார்த்துட்டேன்" என்றாள்.

அம்மா அப்பாவிடம் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்பாவும் கேட்டதில்லை போல, அதனால் நம்பிவிட்டார்.

சாயங்காலம் பட்டறைக்குப் போய்வந்தார். காலையில் முதல் வேலையாக வேறொன்று அடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டாராம் பட்டறைக்காரர். பலகையை டிரம் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் பொடிசைப் படுக்கச் சொன்னார் அப்பா. சட்டைக் கையைச் சுருட்டியபடியேதான் தூங்குகிறாள். காலையில் நேரம் வீணாகக் கூடாதாம்.

கடைசி பஸ் சத்தம் கேட்டது. நின்றதா, நிற்காமல் போனதா என்று தெரியவில்லை, அதே நேரம் அப்பா இருமினார். அவர் இன்னும் படுக்கவில்லை. டார்ச் வெளிச்சம் குடில் பக்கம் போகிறது, வருகிறது. இன்னும் தேடுகிறார். வெளிச்சம் இப்போது நம் ஜன்னலில் பட்டது. என் டார்ச்சை அணைத்துவிட்டுத் தடவித் தடவி எழுதுகிறேன், கோடு தாண்டிப் போனால் மன்னித்துவிடு. உன் எழுத்து மாதிரியே இருக்கும்.

காலடிச் சத்தம் கேட்கிறது, தோட்டத்துப் பக்கம். செருப்புச் சத்தம் அப்பாவுடையதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். கதவுக்கு வெளியே நின்றுவிட்டது.

தட்டுகிறார்கள். அப்பா என்றால் உள்ளங்கையால் ஒரே அடி. அம்மா தட்டவே மாட்டாள். இது சின்னச் சின்னதாக, ஒன்றின்மேல் ஒன்றாக, நிற்கத் தெரியாமல்